ராஜா இல்லாத கோட்டை: குடியரசு, ஜனநாயகம் இரண்டும் ஒன்றா?

கேள்வி: 24 ஜனவரி 2025, மாலை (குடியாத்தத்திலிருந்து, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பி)

மாதிரித் தேர்வில் "இங்கிலாந்து ஒரு ஜனநாயகக் குடியரசு: சரியா, தவறா?" என்று வந்தது. சரி என்று போட்டேன், மார்க் போய்விட்டது. அங்கேயும் ஓட்டுப் போட்டுத்தானே ஆட்சி அமைக்கிறார்கள்? அப்புறம் குடியரசு என்று தனியாக என்ன இருக்கிறது? நாளை மறுநாள் கொடியேற்றப் போகிறோம், எதற்கென்று எனக்கே விளங்கவில்லை. இதற்கு நடுவில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "இந்தியா குடியரசுதான், ஜனநாயகம் கிடையாது" என்று அனுப்பிக் குழப்புகிறார்.

24 ஜனவரி, இரவு 9.10

விடை "தவறு"தான் தம்பி. இங்கிலாந்தில் ஜனநாயகம் உண்டு, குடியரசு இல்லை.

முடிவெடுப்பது யார் என்று கேட்டால் ஜனநாயகத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதிகாரம் யாருடைய உடைமை என்று கேட்டால் குடியரசைப் பற்றிப் பேசுகிறோம். இங்கிலாந்தில் பிரதமரை மக்கள் மாற்றலாம். நாட்டின் தலைமை மட்டும் ஒரு குடும்பத்தில் பிறந்தவருக்குப் போகும், இப்போது மூன்றாம் சார்லஸிடம் இருக்கிறது. ஜப்பான், சுவீடன், நார்வே, நெதர்லாந்து, ஸ்பெயின் எல்லாம் இந்த வகை. சீனாவிலும் வட கொரியாவிலும் மன்னர் இல்லை, நாட்டின் பெயரிலேயே குடியரசு இருக்கிறது, ஆனால் ஆள்பவர்களை மாற்ற மக்களுக்கு வழி இல்லை. சவுதியில் இரண்டுமே இல்லை. நம் அரசியலமைப்பின் முகப்புரை இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

தேர்வுக்கு இது போதும்.

24 ஜனவரி, இரவு 11.30

தேர்வுக்குப் போதும். ஆனால் "யாருடைய உடைமை" என்று எழுதியது அந்தரத்தில் நிற்கிறது. நம் வேலூரோடு தொடர்புள்ள இரண்டு பேரை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை வேலூர் சிறையில் இருந்தார். உள்ளே எழுதிய நாட்குறிப்பில், சுயராஜ்யம் வந்த உடனே நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழலும், அநீதியும், பணத்தின் கொடுமையும், நிர்வாகத் திறமையின்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும் என்று அப்போதே கவலைப்பட்டிருக்கிறார். அதே மனிதர் 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். வைஸ்ராய்கள் குடியிருந்த மாளிகையில் ஒரு தமிழர். ஆனால் அங்கே அவர் யாருக்குப் பதிலாக உட்கார்ந்தார்? லண்டனில் இருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு. நியமனம் மன்னர் பெயரில். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை நாம் விடுதலை பெற்ற நாடு, நேரு பிரதமர், எல்லாம் சரி. சட்டப்படி நாட்டின் தலைமை இன்னும் ஒரு மன்னரிடம்தான்.

அடுத்தவர் ராதாகிருஷ்ணன். 1888-ல் திருத்தணியில் பிறந்தார், அன்றைக்கு அது வட ஆற்காடு மாவட்டம். வாலாஜாப்பேட்டையில் படித்தார், அப்புறம் வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியில். 1962-ல் அதே மாளிகைக்குப் போனார். அவரை அங்கே உட்கார வைத்தது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போட்ட ஓட்டு. ஐந்து வருடம் ஆனதும் 1967-ல் வெளியே வந்துவிட்டார்.

இரண்டு பேரும் படித்தவர்கள், கண்ணியமானவர்கள். ஆளின் குணத்தை வைத்து வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த நாற்காலிக்கான உரிமை எங்கிருந்து வந்தது என்பதில்தான் வித்தியாசம். ஒருவருக்கு ஒரு மன்னரின் முத்திரையிலிருந்து, இன்னொருவருக்கு நாம் தேர்ந்தெடுத்தவர்களிடமிருந்து. 1950 ஜனவரி 26 அன்று மாறியது அது. எங்கள் பக்கத்துப் பையன்களிடம் நான் இப்படித்தான் சொல்கிறேன், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் கவனி. அந்த ஜனவரியில், வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்ற தேர்தல் நாடு முழுக்க ஒரு முறைகூட நடந்திருக்கவில்லை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்களில் பெரும்பாலோரை மாகாணச் சட்டமன்றங்கள்தான் அனுப்பின. அந்தச் சட்டமன்றங்களுக்கு ஓட்டுப் போட சொத்து, படிப்பு என்று தகுதி வைத்திருந்தார்கள். முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. நமக்குக் குடியரசு முதலில் வந்தது, எல்லாருக்கும் ஓட்டு அதற்குப் பின்னால் வந்தது.

25 ஜனவரி, காலை 7.20

அந்த வாட்ஸ்அப் செய்தி அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. அந்த நாட்டு அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான மேடிசன் 1787-ல் இப்படிப் பிரித்து எழுதினார்: மக்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி நேரடியாக முடிவெடுத்தால் ஜனநாயகம், பிரதிநிதிகளை அனுப்பி அவர்கள் வழியாக ஆண்டால் குடியரசு. பெரும்பான்மை ஒரே வேகத்தில் எழுந்து சிறுபான்மையை நசுக்கிவிடும் என்ற பயம் அவருக்கு. அந்த அர்த்தத்தை அப்படியே கொண்டுவந்து இந்தியாவின் மேல் போர்த்த முடியாது. இன்று உலகம் முழுக்க பிரதிநிதிகள் வழியாக நடப்பதையும் ஜனநாயகம் என்றுதான் சொல்கிறோம். நம் அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்கிறது. முகப்புரையில் இரண்டும் இருக்கின்றன. "ஜனநாயகம் கிடையாது" என்று எழுதுகிறவர் முகப்புரையையே பாதியில் நிறுத்திவிடுகிறார்.

மேடிசன் கணக்குப்படி பார்த்தால் நம் கிராம சபை ஜனநாயகம், நம் சட்டமன்றம் குடியரசு. நாளை காலை ஊரில் கிராம சபை. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

25 ஜனவரி, மதியம்

காட்பாடியிலிருந்து ஒருவர் "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு" என்று நம் ஊர்ப் பழமொழியைப் போட்டிருக்கிறார். சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆற்றில் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. ராஜா மட்டும் இனிமேல் வர வேண்டாம்.

அதே கோட்டையில் 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் எழுந்தபோது ஏற்றியது திப்புவின் கொடி. திப்புவின் பிள்ளைகள் உள்ளேதான் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள், அவர்களில் ஒருவரை மன்னராக்குவதுதான் திட்டம். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. உயிரைக் கொடுத்து எழுந்தவர்கள் அவர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் போக வேண்டும் என்றால் நம் ராஜா வர வேண்டும், இதைத் தாண்டி அன்றைக்கு யாருக்கும் யோசனை போகவில்லை. அந்தக் காலத்தில் போயிருக்கவும் முடியாது. விடுதலை வேறு, குடியரசு வேறு என்று நான் சொல்வது இதனால்தான்.

26 ஜனவரி, இரவு 8.45

கிராம சபைக்குப் போய் வந்தேன். எங்கள் ஊர் அணைக்கட்டு தாலுகா பக்கம், பெயர் வேண்டாம். நான் மனு எழுதித் தரும் கடை வேலூர் சத்துவாச்சாரியில் என்றாலும் ஓட்டு எனக்கு இன்னும் ஊரில்தான். வாக்காளர் பட்டியலில் இருக்கிற எல்லாருமே கிராம சபை உறுப்பினர்கள், தலைவருக்கு இருக்கிற அதே குரல் எனக்கும் உண்டு. குடியரசு தினத்தன்று நேரடி ஜனநாயகம் நடப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

வரவு செலவு வாசித்தார்கள். நூறு நாள் வேலைச் சம்பள பாக்கி பற்றிச் சத்தம். அப்புறம் புதிதாகக் கட்டிய மேல்நிலைத் தொட்டி வந்தது. ஒருவர் எழுந்து, காலையில் முதலில் ஊர்த் தெருக்களுக்குத் தண்ணீர் விடுவோம், மிச்சம் இருந்தால் காலனிக்குத் திறப்போம் என்றார். கைதட்டல். கை தூக்கச் சொல்லி நாலைந்து பேர் கத்தினார்கள், கைகளும் ஏறிவிட்டன. எண்ண வேண்டிய அவசியமே இல்லை, பார்த்தாலே தெரிந்தது எந்தப் பக்கம் அதிகம் என்று.

பட்டியல் சமூகத்தார் குடியிருக்கும் அந்தக் காலனியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா எழுந்து "தொட்டி யார் காசுல கட்டினீங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நிதிக்குழு மானியத்தில், அதாவது அரசுப் பணத்தில், கட்டிய தொட்டி என்று சற்று முன்புதான் வாசித்திருந்தார்கள். நான் எழுந்து அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவைச் சொன்னேன். அரசுப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், படித்துறை, சாலை இவற்றைச் சாதி காரணமாக யாருக்கும் மறுக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. தொட்டியும் அதற்குள்தான் வரும். ஊர்த் தெரு, காலனி என்று பிரித்துத் திறப்பதற்கு வேறு என்ன காரணம் சொல்ல முடியும்? முழு ஊரும் கை தூக்கினாலும் இந்தத் தீர்மானம் செல்லாது என்றேன். செயலர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தலைவர் அம்மா கொஞ்சம் யோசித்து, ஒரு நாள் இந்தப் பக்கம் முதலில், மறுநாள் அந்தப் பக்கம் முதலில் என்று எழுதச் சொன்னார். அப்படியே பதிவாயிற்று.

கை தூக்கியது ஜனநாயகம். தொட்டி யாருடைய உடைமை என்று அந்த அம்மா கேட்டது குடியரசு. கை தூக்கியவர்கள் கெட்டவர்கள் கிடையாது, பாதிப் பேர் எனக்கு உறவு. எண்ணிக்கை நம்மிடம் இருக்கிறது, ஆகவே தொட்டியும் நம்முடையது என்று இயல்பாக நினைத்துவிடுகிறார்கள்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, ஜனவரி 26 அன்று நாம் ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்றார். அரசியலில் ஆளுக்கொரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஆளுக்கு ஆள் மதிப்பு வேறு. 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது நம் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்தது, இப்போது முப்பது வயதில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

27 ஜனவரி, இரவு

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் குறைதீர்வு நாள். காலையிலிருந்து கடையில் மனு எழுதித் தருவதற்கே நேரம் சரியாக இருந்தது. பட்டா, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ், வேலி தகராறு.

எழுதித் தரும்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "கால்ல விழுந்து கேக்கிறதா எழுதும்மா" என்கிறார்கள். உதவித்தொகை அவர்களுக்குச் சேர வேண்டிய பணம், யாரும் தன் பையிலிருந்து எடுத்துத் தருவதில்லை. ஆனாலும் குனிந்து கேட்டால்தான் கிடைக்கும் என்று அனுபவம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஒரு பாட்டியின் மனு ஒரு அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது, கேட்கப் போனபோதெல்லாம் நாளைக்கு வா. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதினோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு எந்த மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று மட்டும் கேட்டோம். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வருவதற்குள் உதவித்தொகை உத்தரவு வந்துவிட்டது.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போடுகிறோம், அதோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்தால் நடுவில் இருக்கிற நாள் முழுவதும் நாம் பழைய பிரஜைகள்தான். அந்தப் பத்து ரூபாய் ஸ்டாம்பை என் கடையில் யார் வாங்கினாலும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

28 ஜனவரி

இரண்டு கேள்விகள். மலேசியாவிலிருந்து எழுதும் பேரணாம்பட்டு அண்ணன் "எங்கள் மாமன்னரையும் தேர்ந்தெடுக்கிறார்களே, அப்போது மலேசியா குடியரசா?" என்கிறார். இல்லை அண்ணா. ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்து வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தல் இருக்கிறது, ஆனால் நீங்களோ உங்கள் பிள்ளையோ அங்கேயே பிறந்து வளர்ந்த குடிமக்களோ அதில் நிற்க முடியாது. இங்கே 35 வயது நிரம்பிய, மக்களவை உறுப்பினராகும் தகுதி உள்ள எந்தக் குடிமகனும் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கலாம். முன்மொழியவும் வழிமொழியவும் ஆள் வேண்டும், அது வேறு சிரமம்.

இன்னொருவர்: "ஆற்காடு இளவரசர் என்று இன்னும் ஒருவர் இருக்கிறாரே?" இருக்கிறார், சென்னை அமீர் மஹாலில். கடைசி நவாப் 1855-ல் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி நவாப் பதவியை ஒழித்தது. பின்னால் விக்டோரியா மகாராணி அந்தக் குடும்பத்துக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தார். 1971-ல் சமஸ்தான மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் 26-ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. ஆற்காடு குடும்பம் அந்தக் கணக்கில் வரவில்லை, பட்டம் தொடர்கிறது. ஆற்காடு தாசில்தார் யாருக்குப் பட்டா கொடுப்பது என்பதில் அந்தப் பட்டத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஒரு குடும்பம் தன் பழைய மரியாதையை வைத்துக்கொண்டால் குடியரசுக்குக் கெடுதல் வராது. பொது அதிகாரத்தை ஒரு குடும்பம் தன் வீட்டுச் சொத்தாக நடத்தினால்தான் கெடுதல், அதற்குப் பட்டம் தேவையே இல்லை. மனைவி பேரில் ஜெயித்துவிட்டு ஊராட்சி நாற்காலியில் கணவர் உட்கார்வது எத்தனை ஊரில் நடக்கிறது!

29 ஜனவரி, இரவு 10

2019-ஐ யாரும் இன்னும் எடுக்கவில்லையே என்று நினைத்தேன், ஆம்பூர் நண்பர் எடுத்துவிட்டார். "ஓட்டுப் போடத் தயாராக இருந்த லட்சக்கணக்கான பேரின் தேர்தலை நிறுத்தியது ஜனநாயகமா?"

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்களுக்கு. 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தல். இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று வேலூர் தொகுதித் தேர்தல் மட்டும் ரத்து. கோடிக்கணக்கில் பணம் பிடிபட்டிருந்தது, வாக்காளர்களுக்குக் கொடுக்கப் பிரித்து வைத்த பணம் என்று தேர்தல் ஆணையம் கருதியது. ஆணையத்தின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். தேர்தல் அறிவிக்கை அவர் பெயரில்தான் வெளிவரும், ஆகவே ரத்தும் அவர் பெயரில்தான் வர வேண்டும், அவருடைய தனி விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தானது அதுதான் முதல் தடவை. ஆனால் ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் அதே நாளில் நடந்தன. எம்.பி.க்கு ஓட்டு இல்லை, எம்.எல்.ஏ.வுக்கு உண்டு. பிறகு ஆகஸ்ட் 5 அன்று மக்களவைத் தேர்தல் நடந்தது.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான். ஊரே தலைகுனிந்தது போல இருந்தது. பணம் வாங்காதவர்களின் ஓட்டையும் சேர்த்து நிறுத்திவிட்டார்களே என்று. இப்போதும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் வேறு பக்கமும் பார்க்கிறேன். ஓட்டு என்னுடையது என்றாலும் என் கைக்கடிகாரம் போல விற்கத்தக்க பொருள் ஆகாது. நான் விற்றால் அடுத்தவரின் ஓட்டுக்கும் மதிப்புக் குறைகிறது. நாங்கள் அத்தனை பேரும் சம்மதித்தே விற்றாலும் அது செல்லாது என்று சொல்ல ஒரு அமைப்பு வேண்டும். 2021 உள்ளாட்சித் தேர்தலின்போது விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது நினைவிருக்கிறதா? ஊர் கூடிப் பேசி முடித்ததாகச் சொன்னார்கள். கூடியவர்களின் சம்மதத்துக்கு அங்கே குறைவே இல்லை.

31 ஜனவரி

உச்ச நீதிமன்றம் நேற்று பாலாறு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவு. ராணிப்பேட்டையில், ஆம்பூரில், வாணியம்பாடியில் கிணறு கெட்டுப்போனவர்கள் எத்தனை வருடமாகக் கேட்டது!

இந்த இழையில் இதை எழுதக் காரணம் உண்டு. இதே தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் முன்பு சொன்ன 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 32-ஆம் பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றம் போனது. மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது அந்த வழக்கில்தான். அன்றைக்கு ஓட்டெடுப்பு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோல் தொழிலை நம்பி ஊர் ஊராகக் குடும்பங்கள், அந்நியச் செலாவணி வேறு. தொழிற்சாலைகள்தான் ஜெயித்திருக்கும், அதற்காக அந்தத் தொழிலாளர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆற்றுக்கு ஓட்டு இல்லை, இனி பிறக்கப் போகிறவர்களுக்கும் இல்லை. ஆறு பொது என்ற ஒரு வாதத்தை வைத்து, தேர்தலில் நிற்காத சில குடிமக்கள் வழக்குப் போட்டார்கள்.

தீர்ப்பு வந்து இத்தனை வருடம் கழித்தும் இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீதிமன்றம் எழுதுவதை நடத்திக்காட்ட வேண்டியது தேர்ந்தெடுத்த அரசு, அந்த அரசை விடாமல் கேட்க வேண்டியது நாம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

மேலே எழுதியதை எல்லாம் மறுபடி படித்தேன். குடியரசு வந்தால் பலவீனமானவருக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்பது போல ஒரு தொனி இருக்கிறது. அதை அப்படியே விட எனக்கு மனமில்லை, காரணம் இலங்கை.

பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. 1815-ல் அவரைப் பிடித்தார்கள், அப்புறம் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள், 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயர்களும் 1815 மார்ச்சில் போட்ட ஒப்பந்தத்தில் மன்னரை நீக்கினார்கள், அந்த இடத்தை இங்கிலாந்து மன்னருக்குக் கொடுத்தார்கள். ஒரு ராஜா போய் இன்னொரு ராஜா.

பிறகு நடந்தது நம் கதைக்கு நேர்மாறு. இலங்கையில் 1931-லேயே ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு வந்துவிட்டது. 1948-ல் விடுதலை. குடியரசானது 1972 மே 22 அன்றுதான். அங்கே ஓட்டு முதலில், குடியரசு நாற்பது வருடம் கழித்து. நடுவில் என்ன ஆயிற்று? 1948 குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர்களின் ஓட்டைப் பறித்தன. தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம்தான் அதைச் செய்தது. சரி, குடியரசு வந்து திருத்தியதா? 1972 அரசியலமைப்பு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக எழுதி வைத்தது, பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. சிறுபான்மையினருக்கு எதிரான சட்டம் கூடாது என்று பழைய அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவில் இருந்த பாதுகாப்பு புதியதில் இல்லை. மன்னர் போனார், கூடவே அந்தப் பாதுகாப்பும் போனது.

ஆகவே 26-ஆம் தேதி நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். எங்கள் ஊர்த் தொட்டியைக் காப்பாற்றியது குடியரசு என்ற பெயர் மட்டும் கிடையாது. 15-ஆம் பிரிவு என்று ஒன்றை எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள், அதை எடுத்துச் சொல்ல ஆள் இருந்தது, எழுந்து கேட்க ஒரு பெரியம்மா இருந்தார். பொது என்பதற்குள் யார் யார் அடக்கம் என்பதைக் குடியரசு தானாகச் சொல்லிவிடாது. அதை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியிருக்கிறது, எழுதியதைக் காக்கவும் வேண்டியிருக்கிறது.

நம் பக்கமே பாருங்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை மறித்துவிட்டதால், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். படம் வெளிவந்தது, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. குடியரசாகி எழுபது வருடம் ஆகப்போகிற நேரத்தில், எழுதிய சட்டம் எல்லாம் அப்படியே இருக்கும்போது.

4 பிப்ரவரி

காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை யாராவது எடுப்பார்கள் என்று தெரியும், எடுத்துவிட்டார்கள். பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுச் சிறுவனை விட்டு எடுப்பார்கள். "உலகின் முதல் ஜனநாயகம்" என்று சொல்வது அதிகம். ஆனால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், அது பிராமணர்களின் ஊர்ச் சபை. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் ஓலை இல்லை. மேலே மன்னர்.

ஆனால் அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் கூடாது. மூன்று வருடத்துக்குள் இருந்தவருக்கும் இடமில்லை. பதவி கையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் அந்த ஊர்க்காரர்கள் தெளிவாக இருந்திருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டுமானால் அந்த விதிக்குப் படலாம், அதை இன்றைய ஊராட்சிக்கும் கேட்கலாம்.

9 பிப்ரவரி, இரவு 9.30

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறான். "அக்கா, ஜனநாயகம் இல்லாத குடியரசு என்று சீனாவைச் சொன்னீர்கள். இங்கே அப்படி எப்போதாவது நடந்ததா?" நல்ல கேள்வி.

நாடு அளவில் 1975 ஜூனிலிருந்து 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை. அதைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2016 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வழக்கில் மாட்டிக்கொண்டது, ஊராட்சிகளை நடத்த அரசு அதிகாரிகள் தனி அலுவலர்களாக வந்தார்கள். பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தது. நம் மாவட்டத்தை அதற்குச் சற்று முன்புதான் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள், ஆகவே நமக்கும் அதேபோல் பிரித்த வேறு சில மாவட்டங்களுக்கும் 2021 அக்டோபர் வரை ஆனது. ஐந்து வருடம்! ஒரு முழுப் பதவிக்காலமே தேர்ந்தெடுத்த ஆள் இல்லாமல் போயிற்று. காலம் முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று 243-ஈ பிரிவு சொல்கிறது.

அந்த ஐந்து வருடமும் குடியரசு அப்படியே இருந்தது. கொடி ஏறியது, சட்டம் இருந்தது, எங்களுக்கு வந்த தனி அலுவலர் நேர்மையானவர்தான். ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? அவருக்குப் பல ஊராட்சிகள், எந்த ஊரிலும் அவர் ஓட்டுக் கேட்கப் போவதில்லை. சென்ற மாதம் 5-ஆம் தேதியோடு 2019-ல் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் முடிந்து, அந்த மாவட்டங்களில் மறுபடி தனி அலுவலர்கள். நம் மூன்று மாவட்டங்களில் 2026 அக்டோபர் வரை தலைவர்கள் இருப்பார்கள். அதற்குள் நமக்கு அடுத்த தேர்தல் அறிவிப்பு வருகிறதா என்று இப்போதிலிருந்தே கேட்கத் தொடங்க வேண்டும்.

தம்பி, இன்னொரு கேள்வி கேட்டிருந்தாயே, கிராம சபைத் தீர்மானத்தின் நகல் வாங்குவது எப்படி என்று. கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மானத்தை முழுதாகப் படித்துவிடு, வெற்றிடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதே. நகல் தர மறுத்தால் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுது, தேதியையும் தீர்மான எண்ணையும் குறிப்பிட்டால் வேலை சுலபம். எழுதத் தெரியவில்லை என்றால் கடைக்கு வா, ஸ்டாம்புக்கு மட்டும் பத்து ரூபாய் கொண்டு வா. அடுத்த கிராம சபை மார்ச் 22, தண்ணீர் தினம். எங்கள் ஊரில் தொட்டி முறை சரியாக நடக்கிறதா என்று அன்றைக்குக் கேட்கப் போகிறேன்.